எதிர்மனுதாரர் தரப்பு

ஆகஸ்ட் 11, திங்கள்

விடுதியில் தண்ணீர் மோட்டார் மறுபடி பழுது. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் தெருக் குழாய்க்கும் அலைந்ததில் முதல் வகுப்புக்குத் தாமதம். முதுகலைச் சட்டம், இரண்டாம் ஆண்டு, பன்னாட்டு மனித உரிமைச் சட்டப் பிரிவு. கம்பெனிச் சட்டக்காரர்களுக்கு உட்கார இடம் போதாமல் வராந்தாவில் நாற்காலி போடுகிறார்கள். எங்கள் வகுப்பில் ஆளுக்கு ஒரு ஜன்னலும் ஒரு மின்விசிறியும் கிடைக்கும்.

இன்றைய பாடம் மனித உரிமைக் குழு. ஜெனீவாவில் கூடுகிற பதினெட்டு நிபுணர்கள். ஒரு நாடு உன் உரிமையைப் பறித்துவிட்டால் இவர்களிடம் முறையிடலாம், அப்படி முறையிட அந்த நாடே சம்மதித்திருந்தால். அதற்கு முன்னால் உள்நாட்டிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டி முடித்திருக்க வேண்டும். கடைசியில் அவர்கள் தங்கள் கருத்தை எழுதுவார்கள். உத்தரவு அல்ல, கருத்து.

"அதை அந்த நாடு மதிக்கலன்னா மேடம்?" என்று பெனிட்டா கேட்டாள்.

"வருத்தம் தெரிவிப்பாங்க" என்றார் பேராசிரியர் கலாவதி.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் எனக்கு அந்தக் குழுவைப் பிடித்திருக்கிறது. கையில் ஒரு லத்திகூட இல்லாமல் பெரிய பெரிய அரசுகளுக்கு 'நீ செய்தது தப்பு' என்று எழுதி அனுப்ப ஒரு திமிர் வேண்டும்.

மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. தேசியச் சுற்று அக்டோபரில். வெல்கிற அணி ஜனவரியில் ஜெனீவா போகலாம். பெனிட்டா என்னைக் கேட்காமலே என் பெயரையும் சேர்த்துவிட்டாள். ஜெனீவாவெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. பேசிப் பழகலாம் என்றுதான் சரி சொன்னேன்.

அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். நாளை கேட்கலாம்.

ஆகஸ்ட் 16, சனி

முகாமுக்கு வந்தேன். இன்று தணிக்கை. அதிகாரிகள் பெயர் வாசிப்பார்கள், வாசித்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். நிற்காத ஆளுக்கு உதவித்தொகை நிற்கும், கேள்விகள் தொடங்கும். அதனால் சென்னையில் பரீட்சையே இருந்தாலும் தணிக்கை நாளில் வந்தவாசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அப்பாவை இங்கேதான் புதைத்தோம். நான் இந்த முகாமில் பிறந்தவள். இந்த மண்ணைத் தவிர வேறெதையும் மிதித்ததில்லை. ஆனால் என் அடையாள அட்டையில் நான் இலங்கை அகதி. கல்லூரியில் கேட்டால் "வந்தவாசிப் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அது பொய்யில்லை.

"இராசமலர்" என்றார்கள், அம்மா நின்றாள். "சுகிர்தா" என்றார்கள், நான் நின்றேன். அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் கொஞ்ச நேரம் உட்காரவில்லை. முன்பு எங்கள் வீட்டுக்கு அண்ணன் பெயரும் இருந்தது.

மழைக்கு முன் கூரைத் தகரத்துக்குத் தார் பூச வேண்டும். பூசினேன். கை இன்னும் நாறுகிறது.

செப்டம்பர் 3, புதன்

போட்டிக்கான கற்பனை வழக்கு வந்துவிட்டது. அல்தாரியா என்று ஒரு நாடு. அங்கே அகதிகளுக்குப் பிறந்து வளர்ந்தவள் கே. என்கிற பெண். மேற்படிப்புக்கு வெளிநாடு போனவளை, திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். நீ எங்கள் குடிமகள் இல்லையே என்கிறது அல்தாரியா. 'தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை எவரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது' என்கிறது உடன்படிக்கை. கே.யின் சொந்த நாடு எது? இதுதான் கேள்வி.

படித்து முடித்ததும் பெனிட்டா கொட்டாவி விட்டாள். "ஏட்டி, இப்படியெல்லாம் நெசத்துல நடக்குமா? சும்மா நம்ம மண்டைய காய வைக்கதுக்குன்னே எழுதியிருக்கானுவ."

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

விதிகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பேசுகிறவர் எந்தக் கல்லூரி, எந்த நாடு என்று நீதிபதிகளுக்குத் தெரியக் கூடாது. சொன்னால் மதிப்பெண் குறையும். ஒவ்வொரு அணிக்கும் எண் மட்டும்தான். உலகத்திலேயே 'நீ எந்த நாடு' என்று என்னிடம் கேட்கத் தடை போட்டிருக்கிற ஒரே இடம் அதுதான். வாழ்க.

செப்டம்பர் 20, சனி

சீட்டு குலுக்கினார்கள். எங்களுக்கு எதிர்மனுதாரர் தரப்பு. அதாவது அல்தாரியா அரசுக்காக வாதாட வேண்டும். பெனிட்டாவுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. "பாவம்டி அந்தப் புள்ள. அவளுக்கு எதிரா எப்படிப் பேச?" என்றாள். வக்கீலுக்குப் பாவம் பார்த்தால் கட்டுப்படியாகாது என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

மத்தியானம் முழுக்க நூலகத்தில் இருந்து எழுதினேன். இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. அரசு கே.யைத் துரத்தவில்லை. உணவு கொடுத்தது, பள்ளிக்கூடம் கொடுத்தது. கதவை யாரும் அடைக்கவில்லை, அவரே திறந்துகொண்டு வெளியே போனார். போகும்போது திரும்பி வர அனுமதி கிடையாது என்று தெரிந்தே கையெழுத்திட்டார். எத்தனை வருடம் தங்கினாலும் விருந்தாளி வீட்டுக்காரர் ஆகிவிட முடியாது.

இதையெல்லாம் நான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயசிலிருந்து காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்!

இறுதிச் சுற்றில் நான்தான் கடைசியாகப் பேசினேன். 'கதவை யாரும் அடைக்கவில்லை' என்ற இடத்தில் நடுவிலிருந்த நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்போதே தெரிந்துவிட்டது. பெனிட்டா மேடையிலேயே என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். பிரியாணி, போட்டோ, சத்தம்.

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 'சரி, அல்தாரியா இல்லையென்றால் வேறு எது அவளுடைய சொந்த நாடு? எல்லோருக்கும் ஒரு சொந்த நாடு உண்டு என்ற நம்பிக்கையில்தானே அந்தச் சட்டத்தையே எழுதியிருக்கிறார்கள்?' என்று எதிரணி கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. அவர்கள் கேட்கவில்லை. எல்லாரும் நாடு உள்ள பிள்ளைகள், தோன்றியிருக்காது.

அக்டோபர் 13, திங்கள்

சுவிஸில் அண்ணன் இருக்கிற லோசானிலிருந்து ஜெனீவாவுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாதாம். சும்மா பார்த்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பெனிட்டாவிடம் சொல்லியாயிற்று. விசாவுக்குக் கல்லூரியில் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், இனி மறைக்க வழியில்லை. கேன்டீனில் டீயை ஆறவிட்டுக் கேட்டாள்.

"அப்போ கே. நீதானாட்டி?" என்றாள் கடைசியில்.

"கே. வெளியே போனவள். நான் இன்னும் போகலையே" என்றேன்.

என் கதை இதுதான். அப்பா அம்மாவின் ஊரை வைத்து எனக்கு இலங்கை பாஸ்போர்ட் கிடைத்திருக்கிறது. நான் பார்த்தே இராத ஒரு நாட்டின் பாஸ்போர்ட். ஆனால் அதை வைத்துக்கொண்டு இங்கிருந்து கிளம்ப வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். முகாம்காரர்களுக்கு அது ஒருவழிப் பாதை. போனால் பதிவிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். திரும்பி வருவதற்கும் சேர்த்து அனுமதி கேட்டு மனு எழுதியிருக்கிறேன். உடன்படிக்கையின் பிரிவு எண்ணெல்லாம் போட்டு, அடிக்குறிப்போடு.

அண்ணனைப் பற்றியும் சொன்னேன். பெயின்ட் வேலைக்குக் கோயம்புத்தூர் போகிறேன் என்று கிளம்பியவன், ஒரு மாதம் கழித்து வேறொரு நாட்டு எண்ணிலிருந்து கூப்பிட்டான். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஏஜென்டைப் பிடித்துப் போனவன் என்பதால் இங்கே வர அவனுக்கு விசா இல்லை. இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டான். போனில் முகம் பார்க்கிறோம். ஆனால் இப்போது அவன் எவ்வளவு உயரம், நான் அவன் தோளுக்கு வருவேனா, காதுக்கு வருவேனா, அதெல்லாம் போனில் தெரியாது.

"அதுக்குத்தான் நீ இந்தப் படிப்பே எடுத்தியோ?" என்றாள் பெனிட்டா.

இல்லை என்று சொன்னேன். சேர்க்கை நேர்காணலில் நல்ல பதிலாக ஒன்று சொல்லியிருக்கிறேன். அதையே இவளிடமும் சொன்னேன்.

நவம்பர் 21, வெள்ளி

முகாம். அம்மா மிளகாய்த் தூள் வறுத்தாள். பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் மிளகாயும் கருகுகிற பக்குவத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறக்க வேண்டும். லைன் வீடுகள் முழுக்க இருமல். அடுத்த வீட்டு மேரியக்கா வந்து, "ஆருக்கு இவ்வளவு தூள்? கலியாண வீடே?" என்று கேட்டாள்.

"பிள்ளை அண்ணனைப் பாக்கப் போறாளெல்லே" என்றாள் அம்மா.

மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, ஊரெல்லாம் சொல்லாதே என்றேன். கேட்கிற ஆளா? அண்ணனும் சேர்ந்துகொண்டான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவனுக்கு வேலை. அங்கே இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டானாம். "நீ வாற நேரம் ஸ்னோ கொட்டும். நான் ஒரு ஜாக்கெட் வாங்கி வச்சிருக்கிறன். அளவு தெரியாமல் பெரிசாத்தான் எடுத்தனான்" என்று வாய்ஸ் அனுப்பினான்.

நாலு தடவை கேட்டேன். நெட்வொர்க் சரியில்லை.

டிசம்பர் 10, புதன்

மனித உரிமை நாள். கல்லூரி விழாவில் நான்தான் தொகுப்பாளினி. வந்த சிறப்பு விருந்தினர் உரிமையைவிடக் கடமைதான் முக்கியம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பொன்னாடை போர்த்தினோம். மனுவுக்குப் பதில் இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

மனு கொடுத்த அலுவலகத்துக்கு நேரிலேயே போய்விட்டேன். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், என் மனுவை முழுக்கப் படித்திருந்தார். அடிக்குறிப்புகளைப் பாராட்டினார்.

"நாங்க உங்களத் தடுக்கலையேம்மா. போணும்னு சொன்னீங்கன்னா எக்ஸிட் பர்மிஷன் அடுத்த வாரமே போட்டுத் தந்துர்றேன். ஆனா திரும்ப வர்றதுக்கு நான் எழுதித் தர முடியாது. நீங்களா இஷ்டப்பட்டுப் போறீங்க. கதவ நாங்க சாத்தலையே?"

என்னை அறியாமல் தலையாட்டினேன். இது எங்கள் எழுத்து வாதத்தில் இரண்டாவது பத்தி. நான் ஒரு பக்கத்துக்கு இழுத்ததை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார்.

எதிரணி கேட்காத அந்தக் கேள்வியை நானாவது கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வெளியே பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டி, "பரீட்சையில ஃபெயிலா கண்ணு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜனவரி 2, வெள்ளி

அம்மாவுடன் சண்டை. இப்படி ஒரு சண்டை இதுவரை போட்டதில்லை.

அனுமதி ஒருவழிதான் என்றதும் அவள் கவலைப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ அரிசி புடைத்துக்கொண்டே, "அதுக்கென்ன, போ" என்றாள்.

"திரும்பி வர ஏலாதம்மா."

"எனக்கு விளங்குது. போய் அவனோட நில். அங்க அகதிக் கேஸ் போடலாம்தானே, அவன் போட்டவன்தானே. ரெண்டு பேரும் ஒரு இடத்தில இருந்தால் எனக்கு நிம்மதி."

அப்போதுதான் உறைத்தது. மிளகாய்த் தூள் வறுத்தபோதே அவள் முடிவு செய்திருக்கிறாள். அது ஒரு வாரப் பயணத்துக்கான தூள் இல்லை.

"அப்ப நீ?"

"எனக்கென்ன, மேரி இருக்கிறாள்."

விசா விண்ணப்பத்தில், போட்டி முடிந்ததும் வசிக்கும் இடத்துக்குத் திரும்புவேன் என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், சட்டம் படித்துவிட்டுப் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கத்தினேன். நியாயஸ்தி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு, "பெரிய சட்டம்" என்றாள்.

கையெழுத்தெல்லாம் ஒரு சாக்கு. அடுத்த தணிக்கையில் அம்மா பெயரை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அண்ணனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எவ்வளவு ஆசை என்று எழுதினால் இந்த நோட்டு போதாது. ஆனால் போக மாட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அம்மா என்னுடன் பேசினாள். "சர்க்கரை காணுமோ பார்" என்றாள். போதும் என்றேன்.

ஜனவரி 24, சனி

பெனிட்டாவை வழியனுப்ப விமான நிலையம் போனேன். எனக்குப் பதில் முகில் போகிறான். அதுவரை தரவு தேடிக் கொடுத்துக்கொண்டிருந்த மூன்றாவது ஆள், பாவம், கோட்டு தைக்கக்கூட நேரமில்லாமல் மாமாவின் கோட்டில் வந்திருந்தான். காணொளியில் பேச எனக்கு அனுமதி கேட்டிருந்தோம். நேரில் வந்தால்தான் என்று பதில் வந்தது. இரண்டு தரப்புக்கும் வாதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜெனீவாவில் எந்தத் தரப்பு என்பது அங்கே போய்க் குலுக்கினால்தான் தெரியும்.

மிளகாய்த் தூளை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டும் வாசம் அடங்கவில்லை. "கஸ்டம்ஸ்ல புடிச்சா உன் அம்மை பேரத்தான் சொல்லுவேன்" என்றாள் பெனிட்டா. அப்புறம் அவளே அழுதாள். நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் போய்விட்டாள். டிக்கெட் இல்லாதவர்கள் நிற்கிற கம்பிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வேலை எதுவும் இல்லை, சும்மா.

அண்ணனுக்குச் செய்தி போட்டேன். 'நான் வரவில்லை. வீணாக லீவு எடுக்காதே. பெனிட்டா போன் பண்ணுவாள், ஸ்டேஷனில் வைத்துத் தூளை வாங்கிக்கொள். போட்டிக்கெல்லாம் போய் உட்கார வேண்டாம், உனக்குப் போரடிக்கும்.'

ஜனவரி 30, வெள்ளி

மத்தியானம் முகாமுக்கு வந்தேன். துணி துவைத்தேன், கொடியில் போட்டேன், போனைப் பார்த்தேன், மறுபடி துணியைத் திருப்பிப் போட்டேன். ஐந்து மணிக்கு மேல் பெனிட்டாவின் செய்தி வந்தது. இறுதிச் சுற்று, எதிர்மனுதாரர் தரப்பு, இரண்டாவது இடம். ஆனால் சிறந்த எழுத்து வாதம் என்ற பரிசு எங்களுக்கு. 'உன் எழுத்துக்குத்தான்டி! கதவு பத்தி நீ எழுதினதை ஒரு ஜட்ஜு சத்தமா வாசிச்சுக் காட்டினாரு!' என்று எழுதி எட்டு பொம்மை போட்டிருந்தாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. மேரியக்கா வீட்டுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

ஆறரைக்கு அண்ணன் கூப்பிட்டான். வீடியோ இல்லை. குரல் மட்டும். பின்னால் டிராம் போகிற சத்தம்.

"நான் அங்க போனனான்" என்றான்.

"எங்க?"

"உங்கட போட்டிக்கு. நீ இல்லாட்டியும் உன்ர ஆக்கள் கதைக்கிறதைக் கேப்பம் எண்டு. ஆர் எந்த நாடு எண்டு சொல்ல மாட்டினமாம். நம்பர்தான். உன்ர சிநேகிதியையும் எனக்கு முகம் தெரியாதுதானே. காதில மாட்டக் குடுத்தவங்கள், பிரெஞ்சில மொழிபெயர்த்து வந்தது. எல்லாம் விளங்கினது."

போனைக் காதோடு அழுத்தினேன்.

"முதல்ல கதைச்ச ரெண்டு பேர் அந்தப் பிள்ளைக்காகக் கதைச்சவை. அவைதான் உன்ர ஆக்கள் எண்டு நினைச்சு நான் கை தட்டினனான். பிறகு ஒருத்தி எழும்பினாள். ஒருத்தரும் கதவைப் பூட்டேல்ல, அவவே திறந்துகொண்டு போனவ எண்டாள். விருந்தாளி வீட்டுக்காரன் ஆகேலாது எண்டாள். எனக்கெண்டே சொன்ன மாதிரிக் கிடந்தது. நான் எழும்பி வெளியில வந்திட்டன். வாசல்ல நிண்டு ரெண்டு சிகரெட் பத்தினன். அது முடிஞ்சு ஆக்கள் வெளியில வரேக்க அந்தப் பிள்ளை என்னட்ட வந்து, நீங்க சுகி அண்ணனா, மூஞ்சி அப்படியே இருக்கே எண்டு சிரிச்சு, தூளைத் தாறாள்."

அதே மூச்சில் கேட்டான்.

"ஆர் எழுதிக் குடுத்தது அதை?"

"நான்தான் அண்ணா."

டிராம் ஒன்று வந்து நின்று போனது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். போட்டேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்" என்றான். கோபமாகச் சொன்னானா என்று தெரியவில்லை. "அப்ப அதுக்கு மறுமொழியும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்தானே. மற்றப் பக்கத்துக்கும் நீதான் எழுதினனி எண்டு அந்தப் பிள்ளை சொன்னது. அதை ஒருத்தரும் வாசிக்கேல்ல. எனக்கு இப்ப சொல்லு."

"இப்பவா?"

"ஓம். எழும்பி நிண்டு சொல்லு. அங்க எல்லாரும் எழும்பி நிண்டுதான் சொன்னவை."

எழுந்து நின்றேன். தகரக் கூரைக்குக் கீழே, கொடியில் துணிகளுக்கு நடுவே. முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் தமிழிலேயே வந்தது. கனம் நீதிபதி அவர்களே, மனுதாரர் கே.யின் சார்பில் பேசுகிறேன் என்று தொடங்கினேன். ஒருவருடைய சொந்த நாட்டைக் கடவுச்சீட்டு மட்டும் முடிவு செய்வதில்லை என்று மனித உரிமைக் குழுவே சொல்லியிருப்பதைச் சொன்னேன். திரும்பி வர முடியாது என்று தெரிந்தே கையெழுத்திட்டாள் என்கிறார்கள், வேறு வழி விடாமல் வாங்கிய கையெழுத்து எப்படிச் சம்மதம் ஆகும் என்று கேட்டேன். அவள் நடை பழகியது எங்கே, எழுதப் படித்தது எங்கே, அவள் அப்பாவைப் புதைத்தது எங்கே என்று கேட்டேன். இது இல்லையென்றால் வேறு எது அவளுடைய நாடு, எதிர்மனுதாரர் அந்த நாட்டின் பெயரைச் சொல்லட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்றேன். கே.யை அவள் என்று தொடங்கியவள் எந்த இடத்தில் அவன் என்று மாற்றினேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள்.

முடித்தபோது அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "குளிர்" என்றான்.

அம்மா ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள். சட்டம் படிக்க என்னை அனுப்பியதிலிருந்து அவள் என் பாடத்தைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் முறை.

"நீ சொன்னது முழுக்கச் சரிதானே, பிள்ளை?"

"சரிதான் அம்மா."

"பெரிய ஆக்களும் சரியெண்டு எழுதி வச்சிருக்கினம்?"

"ஓம் அம்மா."

அவள் போனை என் கையிலிருந்து வாங்கி, வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டாள்.

"அப்ப எப்ப ராசா வாறாய்?"